திருநந்தவனமும் வாடிய செடிக்கு மருந்தும்

(ஆரணியில் குடமுழுக்கு விழாவை ஒட்டி நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருக்கோயிலின் குடமுழுக்கு இனிது நிறைவேறியது. விமானம் புதுப்பொலிவு பெற்றது. சுதை வேலைகள் செப்பம் எய்தின. மதிலும் மண்டபமும் திருத்தம் பெற்றன. இவற்றுக்குப் பொருளும் உழைப்பும் வழங்கிய அன்பர்களின் தொண்டு போற்றற்குரியது. ஆயினும் நாளை வைகறையில் இறைவன் திருவடியில் சாத்தப்பெறுவது பொன்னும் அன்று, பட்டும் அன்று, அன்றலர்ந்த பூவேயாகும். மண்டலாபிடேகம் நிகழும் 48 நாளும் பூ வேண்டும். அதன் பின்னரும் ஒவ்வொரு காலத்திற்கும் பூ வேண்டும். அந்தப் பூ எங்கிருந்து வரும்? இவ்வினாவுக்கு விடை காண்பதே இச்சொற்பொழிவின் நோக்கம்.

கல்லும் சுதையும் 12 ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணியை வேண்டுவன. பூஞ்செடியோ 12 நாளும் காத்திராது. கோடை வெயிலில் இரண்டு நாள் நீரின்றி நின்றால் அது வாடும். நீர் மிகுந்தால் அழுகும். கோபுரத்தைப் புதுப்பித்த கை செடியையும் காக்கக் கற்றால்தான் திருப்பணி முற்றுப்பெறும்.

பூத்தொண்டின் பெருமையைச் சைவ உலகம் நன்கு அறியும். திருப்புகலூரில் அவதரித்த முருக நாயனார் கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்னும் நால்வகை மலரையும் வைகறையில் கொய்து மாலை தொடுத்துச் சாத்தியவர். கருவூரில் சிவகாமியாண்டார் ஏந்திவந்த பூக்கூடையைப் பட்டத்து யானை சிதறியது கண்டு எறிபத்தர் மழுவேந்தி எழுந்ததனைப் பெரிய புராணம் விரித்துரைக்கின்றது. ஒரு கூடைப் பூவின் பொருட்டு ஓர் அடியார் அவ்வளவு துணிந்தார் எனில், அப்பூவை ஈன்ற செடிக்கு எத்துணைப் பரிவு வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? சோழர் காலக் கல்வெட்டுக்களில் திருநந்தவனத்திற்கென நிலம் விடப்பெற்ற செய்தியும், அதனைப் பேணுவார்க்கு வாழ்வூதியம் வகுக்கப்பெற்ற செய்தியும் பலவிடத்தும் காணப்படுகின்றன. கமலை ஞானப்பிரகாசர் வழிபாட்டு மலர்களுக்கென்றே புட்பவிதி என்னும் நூலை இயற்றினார். பூச்சி கடித்த மலரும் வாடிய மலரும் பூசைக்கு ஆகா என்பது நெறி. ஆகவே செடியின் நோயைத் தீர்த்தல் தோட்டக்காரர் வேலை மட்டுமன்று. பூசையின் முதற்படியும் அதுவே.

நிற்க. இக்காலத்தில் நந்தவனம் பெரும்பாலும் வீடுகளுக்குள் வந்துவிட்டது. ஆரணியில் தறியோசை கேட்கும் தெருக்களில் முற்றத்திலும் மாடியிலும் திண்ணையோரத்திலும் தொட்டிகளில் நந்தியாவட்டையும் செம்பருத்தியும் மல்லிகையும் துளசியும் வளர்கின்றன. கமண்டல நாகநதியில் நீர் வரும் காலமும் உண்டு. வறண்டு மணல் தெரியும் காலமும் உண்டு. இத்தொட்டிச் செடிகள் மழையை நம்பியோ ஆற்றை நம்பியோ வாழ்வன அல்ல. அவற்றை வளர்ப்பார் கையையே நம்பி வாழ்வன. தரையில் நிற்கும் செடி நீரைத் தேடி வேரை நீட்டும். தொட்டிச் செடிக்கு அவ்வழியும் இல்லை.

செடிக்கும் நோய் உண்டு, அதற்கும் மருத்துவம் உண்டு என்பது இந்நாட்டிற்குப் புதிய செய்தியன்று. ஆறாம் நூற்றாண்டினரான வராகமிகிரர் தம் பிருகத் சம்கிதையில் மரமருத்துவத்திற்கெனத் தனி இயல் வகுத்தார். குளிர், காற்று, வெயில் ஆகியவற்றால் மரத்திற்கு நோய் உண்டாகும் என்றும், இலை வெளுத்தல், தளிர் வளராமை, கிளை காய்தல், சாறு வடிதல் என்பன அதன் குறிகள் என்றும் அவர் கூறினார். நோயுற்ற பகுதியை முதலில் கருவியால் நீக்கி, அதன் பின்னரே மருந்துக் குழம்பைப் பூசுக என்பது அவர் காட்டிய முறை. அவருக்குப் பின் வந்த சுரபாலர், மாந்தர்க்குப் போலவே மரங்களுக்கும் வாதம், பித்தம், கபம் பற்றிய நோய்கள் உண்டெனக் கொண்டு விருட்சாயுர்வேதம் என்னும் நூலை 325 பாடல்களில் யாத்தார். அந்நூலின் சுவடி ஒன்று இங்கிலாந்தின் ஆக்சுபோர்டு நகரிலுள்ள போட்லியன் நூலகத்தில் இருந்தது. வேளாண் அறிஞர் ஒய். எல். நேனே அதன் படியைப் பெற்றுவர, நளினி சாதலே அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, 1996ஆம் ஆண்டில் அது அச்சில் வெளிவந்தது. இந்நாட்டின் செல்வம் ஒன்று கடல் கடந்து கிடந்து மீண்ட வரலாறு இது.

இந்நூல்கள் கற்பிக்கும் முதற்பாடம் ஒன்று உண்டு. மருந்து பின், நோய் நாடல் முன். ஆரணி நெசவாளர்க்கு இதனை விளக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தறியில் இழை ஒன்று அறுந்தால் நெசவாளர் மேலும் விரைந்து நாடாவை எறிவதில்லை. தறியை நிறுத்துகின்றார், அறுந்த இழை எது எனத் தேடுகின்றார், அதனைப் பிணைத்த பின்னரே நெய்கின்றார். செடி வாடும்போது பெரும்பாலோர் இதற்கு மாறாகவே செய்கின்றனர்.

ஒரு வீட்டின் முற்றத்தை மனத்தில் எண்ணிப் பார்க்க. நந்தியாவட்டைத் தொட்டி ஒன்றில் இலை மஞ்சளாகி உதிர்கின்றது. வீட்டிலுள்ள அம்மையார் அது தாகத்தால் வாடுகின்றது என எண்ணிக் காலையும் மாலையும் குடம் குடமாக நீர் வார்க்கின்றார். இலை மேலும் உதிர்கின்றது. அண்டை வீட்டார் தேயிலைச் சக்கையை இடச் சொல்கின்றனர், அதையும் இடுகின்றார். மற்றொருவர் பச்சைச் சாணம் நல்லது என்கின்றார், அதுவும் சேர்கின்றது. வேறொருவர் பிண்ணாக்கு என்கின்றார். ஒரு திங்களில் செடி கருகிவிடுகின்றது. அன்பு குறைவால் மடிந்த செடி அன்று அது. ஆராயாத அன்பால் மடிந்த செடி. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் அடித்துளை அடைபட்டிருக்கும். வேர் கறுத்துக் குழைந்து நாறும். தேங்கிய நீரில் வேருக்குக் காற்று இல்லை. காற்றில்லாத வேர் நீரை உறிஞ்ச மாட்டாது. ஆதலின் நீரின் நடுவே நின்றே அச்செடி தாகத்தால் வாடியது.

எனவே வாடிய செடியைக் கண்டதும் செய்ய வேண்டுவது விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் அழுத்திப் பார்த்தல். மண் உலர்ந்திருந்தால் நீர் வார்க்க, ஈரமாயிருந்தால் நிறுத்துக. ஈரமிருந்தும் செடி வாடினால் தொட்டியினின்று மெல்லப் பெயர்த்து வேரைக் காண்க. வெண்மையாகவும் உறுதியாகவும் உள்ள வேர் நல்லது. கறுத்த வேரைக் கூரிய கத்தியால் வெட்டி நீக்குக. வெட்டுவாயில் சிறிது மஞ்சள் தூள் தூவுதல் வீட்டு வழக்கம். செம்மண், மணல், நன்கு மக்கிய தொழுவுரம் ஆகியவற்றைக் கலந்த புதுமண்ணில் நட்டு, தொட்டியின் அடித்துளைமேல் ஓட்டுச் சில்லொன்றைக் கவிழ்த்து வைக்க. வேர் குறைந்த அளவிற்கு மேற்கிளையையும் சிறிது குறைத்து, பத்து நாள் நிழலில் வைத்து, புதுத்தளிர் காணும்வரை எவ்வகை உரமும் இடாதிருக்க. நோயுற்றார்க்கு விருந்து இடுவார் இல்லை, கஞ்சியே இடுவர். செடிக்கும் அதுவே நெறி.

அடுத்து நீரின் தன்மை. தொட்டியின் விளிம்பிலும் மண்ணின் மேலும் வெண்ணிறமாகப் படிவு தோன்றினால் அது ஆழ்குழாய் நீரின் உப்பு. இலை நுனி கருகுவதற்கு அதுவும் காரணம். மாதம் ஒருமுறை அடித்துளை வழியே நீர் நன்கு ஓடி வடியுமாறு வார்த்து அவ்வுப்பைக் கழுவிவிடுக. மழைநீர் கிடைக்குங்கால் சேமித்து வார்த்தல் மிக நன்று. பட்டு நெய்யும் ஊரார்க்கு இங்கு ஒரு சிறப்பான எச்சரிக்கையும் உண்டு. பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் இட்டுக் காய்ச்சிப் பசை நீக்கிய நீரையும், சாயம் தோய்த்த நீரையும் செடிக்கு வார்த்தல் ஆகாது. அவை மண்ணை உவராக்கி வேரைக் கெடுப்பன. உப்பிட்ட சோற்றுக் கஞ்சியும் அத்தகையதே. உப்பில்லாத அரிசி கழுநீரும் பருப்புக் கழுநீரும் அன்றன்றே வார்க்கத்தக்கன.

செடி தேறிய பின் உணவு. கடலைப் பிண்ணாக்கை மூன்று நாள் நீரில் ஊறவைத்து, தெளிந்த நீரை எடுத்துப் பத்து மடங்கு நீர் சேர்த்து 15 நாளுக்கு ஒருமுறை வார்க்கலாம். பிண்ணாக்கை ஊறவையாது நேரே இட்டால் எறும்பு மொய்க்கும், வேரும் வெந்துபோம். பச்சைச் சாணத்திற்கும் இக்குற்றம் உண்டு. விறகுச் சாம்பல் சாம்பற்சத்து உடையது. ஆயினும் மண்ணின் உவர்த்தன்மையைக் கூட்டும் ஆதலின் சிட்டிகை அளவே போதும். புளித்த மோருடன் தேங்காய்ப்பால் கலந்து ஒரு வாரம் நொதிக்கவிட்டு, பத்து மடங்கு நீரில் தெளிப்பது தேமோர்க் கரைசல் எனப்படும். மொட்டுக் கட்டும் பருவத்தில் தமிழகத்து இயற்கை உழவர் பலர் இதனைக் கையாள்கின்றனர்.

இனி ஆனைந்து. பசுவின் பால், தயிர், நெய், கோநீர், கோமயம் என்னும் ஐந்தும் இறைவன் ஆடி மகிழும் திருமஞ்சனப் பொருள்கள் என்பதைச் சைவர் அனைவரும் அறிவர். பாடல் பெற்ற பதியாகிய கொடுமுடியில் மருத்துவராக விளங்கிய கே. நடராஜன், கடந்த நூற்றாண்டின் இறுதியில், இவ்வைந்தோடு இளநீர், வெல்லம், வாழைப்பழம் ஆகியவற்றையும் கூட்டிப் பயிர்க்கேற்ற பஞ்சகவ்வியமாக்கி உழவரிடையே பரப்பினார். சுரபாலர் கூறிய குணபசலம் என்னும் ஊட்டநீர் ஊன் கலந்தது. திருநந்தவனத்திற்கு அது பொருந்தாது. பஞ்சகவ்வியத்திற்கு அத்தடை இல்லை.

வீட்டளவில் செய்ய விரும்புவார் கொள்ள வேண்டிய அளவு இது. பசுஞ்சாணம் 700 கிராமும் நெய் 100 கிராமும் பிசைந்து, காலையும் மாலையும் கிளறி மூன்று நாள் வைக்க. பின்னர்க் கோநீர் 1 லிட்டரும் நீர் 1 லிட்டரும் ஊற்றி 15 நாள் நாளும் இருவேளை கலக்குக. அதன் பின் பால் 300 மில்லி, தயிர் 200 மில்லி, இளநீர் 300 மில்லி, வெல்லம் 300 கிராம், கனிந்த பூவன்பழம் ஒன்று ஆகியவற்றைச் சேர்க்க. தொடங்கியதிலிருந்து ஏறத்தாழ 30 நாளில் கரைசல் பக்குவப்படும். வாயகன்ற மண்பானையில் நிழலில் வைத்து, ஈ புகாதவாறு துணியால் வேடுகட்டுக. உலோகப் பாத்திரம் ஆகாது. வடிகட்டிய கரைசலில் 30 மில்லியை 1 லிட்டர் நீரில் கலந்து தெளித்தலே போதும். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் கூறுவதும் இந்த 3 விழுக்காட்டு அளவையே. மிகுத்தால் பயன் மிகும் என எண்ணற்க. அன்றியும் இக்கரைசல் நாட்பட நொதித்தது. பூசைக்குரிய பஞ்சகவ்வியமோ அன்றன்று மந்திர முறைப்படி கூட்டப்பெறுவது. ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைத்து மயங்குதல் கூடாது.

பூச்சிகளைப் பற்றியும் கூற வேண்டும். செம்பருத்தியின் இளங்கிளையில் வெண்பஞ்சு ஒட்டினாற்போலத் தோன்றுவது மாவுப்பூச்சி. எறும்பு ஏறுவதைக் கண்டதுமே அதனை ஐயுறுக. மாவுப்பூச்சி கசியும் இனிய நீருக்காக எறும்பு அதனைக் காக்கும். ஈரத்துணியால் துடைத்து, மிகுதியாகப் பற்றிய கிளையை வெட்டி அகற்றுக. பின்னர் வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்து 1 லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் இலையின் அடிப்புறம் நனையத் தெளிக்க. மறுநாட் பூசைக்குரிய மலரும் மொட்டும் நனையாதவாறு அன்றைய பூவைக் கொய்த பின் தெளித்தல் முறை.

எனினும் எல்லாப் பூச்சியும் பகையல்ல. 2008ஆம் ஆண்டில் கோயம்புத்தூர்ப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி என்னும் அயல்நாட்டுப் பூச்சி தோன்றிப் பப்பாளியையும் மரவள்ளியையும் செம்பருத்தியையும் பட்டுப்புழுவின் உணவாகிய மல்பெரியையும் சூறையாடியது. நஞ்சு தெளித்த இலையை உண்டால் பட்டுப்புழு மடியும். ஆகவே மருந்தடித்தும் மீள வழியில்லாது பட்டு வளர்ப்போர் தவித்தனர். 2010ஆம் ஆண்டில் புவேர்ட்டோ ரிக்கோ தீவினின்று மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவிகள் வருவிக்கப்பெற்றுத் தோட்டங்களில் விடப்பட்டன. கண்ணுக்கு எளிதில் புலனாகாத அக்குளவிகள் மாவுப்பூச்சியை அடக்கி மல்பெரியைக் காத்தன. பட்டால் வாழும் ஊரார் மறக்கலாகாத செய்தி இது. கடுநஞ்சைக் கண்டபடி தெளிப்பவர் இத்தகைய காவலரையும் சேர்த்தே கொல்கின்றனர்.

செடிதோறும் சில குறிப்புக்கள். குண்டுமல்லிகையைக் கார்த்திகை, மார்கழியில் தரையினின்று 50 சென்டிமீட்டர் உயரத்தில் கவாத்துச் செய்தால் கோடையில் நிறையப் பூக்கும். துளசியின் கதிரை முற்றவிடாது கிள்ளி வந்தால் அது விரைவில் காயாது தழைக்கும். ரோசாக் கிளை நுனியிலிருந்து கருகி வந்தால் பச்சைத் தண்டு தெரியும் இடத்திற்குக் கீழே வெட்டுக. கனகாம்பரம் திட்டுத்திட்டாக வாடி, வேரில் முடிச்சுக் காணின் அது நூற்புழு; வேப்பம் பிண்ணாக்கு இட்டும், துலுக்கச் சாமந்தியை உடன் நட்டும், அடுத்த முறை இடம் மாற்றியும் அதனை அடக்கலாம்.

திருக்கோயிலார் செய்யத்தக்க தொண்டும் ஒன்றுண்டு. நாளும் களையப்பெறும் நிர்மாலிய மலர்கள் ஆற்றிலும் குளத்திலும் எறியப்பெற்று நீரைக் கெடுத்தல் பலவிடத்தும் காணும் குறை. நந்தவனத்தில் கால்படாத ஒரு மூலையில் குழி அமைத்து, செயற்கை நூலையும் பிளாஸ்டிக்கையும் நீக்கி, மலரும் வில்வமும் உலர்ந்த சருகும் சிறிது சாணக்கரைசலும் அடுக்கடுக்காக இட்டு ஈரம் காத்துவரின் சில திங்களில் அவை நல்லுரமாகும். அவ்வுரம் மண்ணிற் கலந்து மீண்டும் மலராகித் திருமுடி ஏறும். வாழைநாரில் தொடுத்த மாலையே கோயிலுக்கு வருமாயின் இப்பணி மேலும் எளிதாகும்.

இத்தனை செய்தும் பிழையாத செடி உண்டு. முற்றிய வேரழுகலுக்கும் சில நச்சுயிரி நோய்களுக்கும் வீட்டு மருந்து போதாது. அந்நிலையில் நோயுற்ற செடியை அகற்றிப் பிற செடிகளைக் காத்தலே அறம். வேர் மட்டும் அழுகி மேற்கிளை நலமாயிருப்பின் மனம் தளர வேண்டா. நந்தியாவட்டையும் செம்பருத்தியும் அரளியும் போத்து வைத்தாலே துளிர்க்கும் இயல்பின. நல்ல கிளையை ஒரு சாண் அளவு வெட்டி, அடியிலைகளைக் கிள்ளி, ஈரமணலில் ஊன்றி நிழலில் வைத்தால் சில வாரங்களில் வேர்விடும். தாய் சாய்ந்தும் சேய் தழைக்கும். பாட்டியார் வைத்த நந்தியாவட்டை பேத்தியின் கையால் பூசைக்கு வருவது இவ்வழியாலேயே.

திருப்பணிக்குப் பொன் ஈந்தாரும் உளர். பொருள் ஈந்தாரும் உளர். இரண்டும் ஈய இயலாத எளியார்க்கும் இத்தொண்டு திறந்தே கிடக்கின்றது. நாளைக் காலையில் வீட்டு முற்றத்தில் வாடி நிற்கும் ஒரு செடியின் முன் சற்றே நிற்க. உடனே நீர்க்குடத்தை எடாது, முதலில் மண்ணில் விரல் வைத்து அதன் குறையை உணர்க. திருநாவுக்கரசர் உழவாரம் ஏந்தித் திருமுற்றத்துப் புல்லைச் செதுக்கியது போல, ஒரு கிளையை நறுக்கி, ஒரு தொட்டியைத் திருத்தி, ஒரு பிடி மக்கிய உரம் இடுக. அச்செடியில் மலரும் முதற்பூ இத்திருக்கோயிலுக்கு வருக. அதுவே இக்குடமுழுக்கின் நிறைவாகும்.

திருச்சிற்றம்பலம்.